ஆறு வரிச் செய்தி

சென்ற வாரம் டொரொன்டோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஒரே ஆசிரிய பீடத்தில், எதிரெதிர் மேசைகளில் அமர்ந்து அச்சுப்படி திருத்தியவர்கள் நாங்கள். அவர் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் ஓரிரவு எரிவாயு வாடை வீசியிருக்கிறது. 911 இலக்கத்தை அழைத்துவிட்டு மேற்சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றதாம். அயல்வீட்டு மூதாட்டி அடுப்பைத் திருகிவிட்டுப் பற்ற வைக்க மறந்திருக்கிறார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் எல்லோரும் மீண்டும் படுக்கைக்குப் போய்விட்டார்கள். கதையைச் சொல்லி முடித்த நண்பர், "ஊரிலே இப்படி நடந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனெனில் அதற்கான பதில் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் அப்படி நடந்தபோது அவர்கள் கூப்பிட்டது என்னைத்தான்.

2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். ஓய்வு பெற்றுக் கல்லடிக்குத் திரும்பியிருந்தேன். ஆயினும் பழக்கதோஷம் விடவில்லை. மட்டக்களப்புச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகையொன்றுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதிகாலை ஐந்து மணியாக இன்னும் பத்து நிமிடம் இருக்கையில் தொலைபேசி அலறியது. இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள வீட்டுப் பையன். "மாமா, அம்மாக்கு நெருப்புப் பத்திற்று, கேஸ் எரியுது" என்றான். பதினைந்து வயதுப் பிள்ளை. குரல் நடுங்கியது.

நான் அவனிடம் கேட்ட முதற் கேள்வி எது என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "எத்தனை மணிக்கு நடந்தது?" என்று கேட்டேன். அடுத்து, "எத்தனை பேருக்குக் காயம்?" என்றேன். மூன்றாவதாகத்தான் அம்புலன்சுக்கு அறிவித்தாயிற்றா என்று வினவினேன். நாற்பது ஆண்டு காலத் தொழில் மனிதனின் நாக்கை எப்படிப் பழக்கிவிடுகிறது பாருங்கள். அறிவிக்கவில்லை என்றான். 1990ஐ அழைக்கச் சொல்லிவிட்டுச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல இடமில்லை. அவன் முதலில் தன் தாய்மாமனை அழைத்திருக்கிறான், அடுத்துச் சிலிண்டர் வாங்கிய கடைக்காரரை. கடைக்காரர் நித்திரை. மூன்றாவதாக என்னை அழைத்தது, பத்திரிகைக்காரருக்கு எல்லா இலக்கமும் தெரியும் என்ற நம்பிக்கையில். உண்மையில் மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கம் என் கைத்தொலைபேசியிலும் இருக்கவில்லை. பொலிஸின் 119 எல்லோருக்கும் மனப்பாடம். 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்சையும் கொரோனாக் காலம் வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்திவிட்டது. நெருப்புக்கென்று ஓர் இலக்கம் எங்கள் தெருவில் எவர் மனதிலும் இருந்ததில்லை. நெருப்புப் பிடித்தால் கிணற்றடிக்கு ஓடுவதே எங்கள் வழக்கம்.

அன்றும் கிணறுதான் கைகொடுத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முற்றத்து மணலில் ஈரச் சாக்குப் போர்த்தியபடி சிலிண்டர் கிடந்தது. அந்தத் தங்கச்சியைத் திண்ணையில் இருத்தி, அயல்வீட்டுப் பெண்கள் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி, காலிலும் கையிலும் மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ பற்பசையைக் கொண்டு ஓடி வந்தார்கள். எரிகாயத்துக்குப் பற்பசை பூசும் இந்த வைத்தியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அது சூட்டை உள்ளேயே அடக்கிவிடும், பின்னர் காயத்தைத் துப்புரவாக்குவதும் பெரும்பாடாகும். நல்லவேளை, பக்கத்து வீட்டு முதியவர் அதைத் தட்டிவிட்டார். அம்புலன்ஸ் வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள். கால்கள் இரண்டும், வலது கையும், கழுத்தின் ஒரு பக்கமும் வெந்திருந்தன. மூன்று வாரம் வைத்தியசாலையில் கிடந்தாள்.

நான் வீட்டுக்கு வந்து செய்தி எழுதினேன். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு, ஆறே வரிகள். "குடும்பப் பெண்ணின் கவனயீனம் காரணமாக அடுப்பிலிருந்து வெளியேறிய எரிவாயு தீப்பற்றியதாக ஆரம்பகட்ட விசாரணைகளிலிருந்து தெரியவருகிறது." மறுநாள் உட்பக்கமொன்றில் அப்படியே வெளிவந்தது.

"தெரியவருகிறது" என்ற இந்த வினைச்சொல்லைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைத்துறையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். யாருக்குத் தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று சொல்லத் தேவையில்லாத சொல் அது. யுத்த காலத்தில் எங்கள் உயிரைக் காப்பாற்றிய சொல்லும் அதுவே. இன்னார் சொன்னார் என்று எழுதினால் எழுதியவனுக்கும் சொன்னவனுக்கும் ஆபத்து நேரக்கூடிய நாட்களில் அதற்குள் ஒளிந்துகொண்டோம். யுத்தம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஒரு பெண்ணின் குசினியைப் பற்றி எழுதும்போது நான் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறேன்.

அந்த நவம்பர், டிசெம்பர் மாதங்களை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒக்டோபரில் எரிவாயுவுக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பில் 2,675 ரூபாவுக்கு ஏறியிருந்தது. நவம்பர் 20ஆம் திகதி கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத் தொகுதியிலுள்ள உணவகமொன்றில் வெடிப்பு நிகழ்ந்தது. அதற்குப் பின்னர் நாள்தோறும் எங்காவது ஓர் அடுப்பு, எங்காவது ஒரு ரெகுலேட்டர். எங்களுக்கு மேற்கே வெலிக்கந்தைப் பக்கத்தில் ஓர் இளம்பெண் எரிகாயங்களால் உயிரிழந்தாள். நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின. பத்திரிகைகள் எல்லாவற்றையும் "சிலிண்டர் வெடிப்பு" என்று தலைப்பிட்டன. நாங்களும் அப்படியே செய்தோம். ஆனால் பெரும்பாலான இடங்களில் இரும்புச் சிலிண்டர் முழுமையாகவே இருந்தது. வெடித்தது கண்ணாடி மேற்பரப்புக் கொண்ட அடுப்பு, பிளந்தது இறப்பர் குழாய், பற்றியது வாயில் பொருத்திய ரெகுலேட்டர். இந்த வேறுபாடு சின்ன விடயமல்ல. சிலிண்டர் வெடித்தது என்றால் மக்கள் சிலிண்டரை மட்டும் பார்ப்பார்கள். கசிவு என்றால் தரையைப் பார்ப்பார்கள், குழாயைப் பார்ப்பார்கள்.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. எங்களைப் போன்ற வெப்ப நாட்டில் பியூட்டேன் கூடுதலாக இருப்பதே வழக்கம். குளிர் நாடுகளில் மாரிகாலத்தில் பியூட்டேன் ஆவியாகத் தயங்கும் என்பதால் அங்கே புரோப்பேனைக் கூட்டுவார்கள். எங்கள் முப்பது பாகை வெயிலில் புரோப்பேன் தனித்துக் கொடுக்கும் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். இலங்கையில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தது ஏறத்தாழ 20 பங்கு புரோப்பேன், 80 பங்கு பியூட்டேன். அந்த ஆண்டு அது பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு மாறியிருந்தது. சிலிண்டர் அதே, அடைப்பானுக்குள் இருக்கும் இறப்பர் வளையம் அதே, எங்கள் வீடுகளில் ஐந்தாறு வருடம் மாற்றாமல் கிடக்கும் குழாயும் அதே. உள்ளே இருந்த அழுத்தம் மட்டும் வேறு. வாங்குகிறவருக்கு எவரும் இதைச் சொல்லவில்லை. சிலிண்டரிலும் எழுதியிருக்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்து, 2021 செப்டெம்பரில் பதவி விலகிய துஷான் குணவர்தன இதைப் பற்றி முன்னரே எச்சரித்திருந்தார். அதை எத்தனை பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட்டன என்று கேட்டால் நானும் தலைகுனிய வேண்டியவன்தான்.

ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நியமித்த, மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையிலான குழு ஆராய்ந்து முடித்து, கலவை விகிதம் மாற்றப்பட்டமையே பிரதான காரணம் என்று சொன்னது.

வாடையின் கதை இன்னொன்று. இந்த வாயுக்களுக்கு இயல்பாக மணம் கிடையாது. அழுகிய முட்டைக்கோவா போல வீசும் எதைல் மெர்கப்டன் என்ற பொருளைக் கலந்தே விற்கிறார்கள். இந்த வழக்கத்துக்குப் பின்னால் பெரியதொரு துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூரின் பாடசாலைக்கு அடியில், மணமில்லாத இயற்கை வாயு எவருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்டார்கள். அதன் பின்னரே வாயுவுக்கு நாற்றமூட்டுவது அங்கே சட்டமாயிற்று. அந்த இடத்துக்கு ஓடிய செய்தியாளர்களில் ஒருவர், அப்போது இருபது வயதான வால்டர் குரோங்கைட். பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரும் பெயர். எங்கள் நாட்டிலோ 2021 டிசெம்பரில், மெர்கப்டன் அளவு போதாதென்று எரிவாயுக் கப்பல்களிலிருந்து சரக்கிறக்க அனுமதி மறுக்க வேண்டி வந்தது. அதற்கு முன்னர் இறங்கி வீடுகளுக்குள் போயிருந்தவற்றில் எவ்வளவு மணம் இருந்ததென்று அந்தந்த வீட்டு மூக்குகளுக்கே வெளிச்சம்.

எங்கள் தங்கச்சியின் மூக்கு அப்போது வேலை செய்யவில்லை. ஓகஸ்ட் மாதக் கொரோனா அலையில் அவளுக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. உயிர் தப்பியது, மணம் போய்விட்டது. கறிக்கு உப்புக் காணாது, கருவாடு கருகினாலும் தெரியாது என்று அயலில் சொல்லிச் சிரிப்பாளாம். இதை நான் விசாரித்திருந்தால் அன்றைக்கே அறிந்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

வைத்தியசாலையிலிருந்து வந்தவளைப் பார்க்கப் போனேன். தேநீர் தந்தார்கள். அவளுடைய மாமியார் அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டிக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததைக் கண்டேன். வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம், "பேப்பரிலயே போட்டிருக்கு, நீ பூட்டாமப் படுத்தது" என்பாராம் கிழவி. கணவன் வாவியில் இறால் பிடிப்பவன். நல்ல மனிதன், ஆனால் அவனும் மறுத்துப் பேசவில்லை. அச்சில் வந்ததை யார் மறுப்பது?

அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அண்ணன், நான் பூட்டித்தான் வெச்ச நான்."

நான் அப்போதும் அதைத் தாய்மாருக்கே உரிய ஒரு சமாதானம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மை தெரிய வந்தது சில மாதங்களுக்குப் பிறகு. 2022 ஏப்ரல், மே. சிலிண்டர் விலை 4,860 ரூபாவுக்குப் போய், பணமிருந்தும் கிடைக்காத காலம். விடியற்காலையில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு, ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருப்பார்கள். அப்படியொரு வரிசையில் எனக்கு அருகில் அமர்ந்திருந்தவர் பற்பசையைத் தட்டிவிட்ட அந்த முதியவர். முன்னாளில் பேக்கரியில் போறணை வேலை செய்தவர், நெருப்போடு வாழ்ந்த மனிதர். பொழுது போக வேண்டுமே, அன்று நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

அவள் விளக்கைப் போடவுமில்லை, அடுப்பைத் தொடவுமில்லை. கணவன் வாவிக்குப் போகுமுன் வலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். குசினிக்குள் நுளம்பு. நுளம்புத்திரியைக் கொளுத்தி மேசைக்குக் கீழே வைக்கக் குனிந்தாள். தீக்குச்சியை உரசியதும் தரையோடு தரையாக நீலமாய் ஓடியது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. எழும்பிப் போகாது, தண்ணீர் போலத் தரையில் தேங்கும். எங்கள் பழைய வீடுகளின் குசினி அரைச்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தது. வாசற்படியும் தாழ்வு. கசிந்தாலும் வெளியே வழிந்தோடியிருக்கும். ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிய சீமெந்து வீடுகளில் யன்னல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே, வாசலில் வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திய படி. வாயு தேங்க இதைவிட வசதியான தொட்டி வேண்டியதில்லை. யன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோமே என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். திறக்க வேண்டியது கதவு.

சத்தம் கேட்டு ஓடி வந்த முதியவர் முதலில் பையனின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவன் மின்குமிழைப் போடச் சுவிட்சுக்குப் போயிருக்கிறான். பின் சாக்கைக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்து, ரெகுலேட்டருக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த தீயின்மேல் போட்டு, திருகை மூடி, சிலிண்டரை முற்றத்து மணலுக்கு இழுத்திருக்கிறார். தீயணைப்புத் துறையினர் இதைச் செய்யச் சொல்ல மாட்டார்கள். எட்டி நில்லுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள் என்பார்கள். அதுவே சரி. அவருடைய உள்ளங்கையில் இன்றும் வடு இருக்கிறது.

"ரெகுலேட்டருக்குள்ள வளையம் வெடிச்சுக் கிடந்திச்சு தம்பி" என்றார். பிறகு, கேட்காமலே, "அடுப்பில ரெண்டு திருகும் பூட்டித்தான் கிடந்திச்சு. நான் என்ட கையாலயே தொட்டுப் பாத்த நான்" என்றார்.

"இதைப் பொலிஸுக்குச் சொன்னீர்களா?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்கல்லியே. நீயும் அண்டைக்கு வந்த நீதானே, நீயும் கேக்கல்ல."

வரிசை நகர்ந்தது. எழுந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனேன்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வாவியின் எழுவான்கரையில், நகரத்துக்கு அண்மையில் இருப்பவர்களுக்கு ஒரு தீயணைப்பு வண்டியாவது எட்டும். 2013இல் புதிய கல்லடிப் பாலம் வந்த பின்னர் பழைய ஒற்றைத் தடப் பாலத்தில் காத்துக் கிடக்கும் தொல்லையும் இல்லை. படுவான்கரையை நினைத்துப் பார்க்க வேண்டும். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதற்கு முன்னர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காக நின்றார்கள். குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நின்று நானே பல பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். இப்போது அந்த வயல்வெளிக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு சிலிண்டர் போய்விட்டது. சிலிண்டர் லொறி போகிற இடத்துக்கெல்லாம் தீயணைப்பு வண்டி போய்ச் சேர எத்தனை நிமிடமாகும் என்று எவரேனும் மணிக்கூடு பார்த்திருப்பார்களா? அங்கே இருக்கும் தீயணைப்புப் பிரிவு என்பது கிணறும் சாக்கும் அயல்வீட்டுக் கிழவரும்தான்.

எங்கள் தெருவில் ஒரு மாற்றம் நடந்தது. புதுச் சிலிண்டர் பொருத்தினால் சவர்க்கார நுரையைப் பூசி, கொப்புளம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான், அவனைக் கூப்பிட்டே பலர் பார்ப்பிக்கிறார்கள். இரவில் ரெகுலேட்டரிலேயே மூடிவிட்டுப் படுக்கிறார்கள். மாநகர சபையின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி என் வீட்டு மதிலில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கச்சி மட்டும் திரும்பவும் கேஸைத் தொடவில்லை. முற்றத்தில் இரண்டு கல் வைத்து, சவுக்கு விறகிலும் தென்னம் மட்டையிலும் சமைக்கிறாள். மணம் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறதாம்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து ஆறு வரிச் செய்திக்குத் திருத்தமா என்று ஆசிரிய பீடத்திலிருந்து ஓர் இளைஞர் மரியாதையாகவே கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தபோது நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். வெளிவரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். 2021 டிசெம்பரில் கல்லடியில் நிகழ்ந்த எரிவாயுத் தீ விபத்துத் தொடர்பாக நான் எழுதிய செய்தியில், குடும்பப் பெண்ணின் கவனயீனமே காரணம் எனக் குறிப்பிட்டது பிழை. அடுப்பின் இரு திருகுகளும் பூட்டியே இருந்தன. வாயு கசிந்தது ரெகுலேட்டர் பொருத்திய இடத்திலிருந்து. இதை நேரில் கண்டவர் இருந்தார், நான் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். கலண்டருக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட்டு இதைச் செருகிவிடுவதாகச் சொன்னான். கிழவிக்குக் கண் இப்போது தெளிவில்லை, எழுத்துப் பெரிதாக வர வேண்டும் என்றான்.